ஒரு விரற்கடை

உளுந்து தெளிக்காமல் விட்ட
இன்னாசியின் ஒன்றரை மா நிலத்தில்
மாசியில் மூன்று நாள் குதிரைகள் நிற்கும்.
அறுத்த தாள் குளம்பில் குத்த
முதல் நாள் எல்லாமே
சுடுதரையில் நிற்பதுபோல
கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும்.

மணல்காட்டுக்குப் பிறந்தவற்றை
அரசலாற்றங்கரைக் களியில் விற்பவன் நான்.
இங்கே ஒரு மழை பெய்தால் போதும்,
லாடத்தை மண் கழற்றி வைத்துக்கொள்ளும்.
அதைச் சொல்லிக்கொண்டா விற்க முடியும்?

கத்தியவாரி என்று இரண்டு.
ஒன்று நிஜம்.
நுக்ரா ஒன்று, உடம்பெல்லாம் பால்,
மூக்கு மட்டும் வெயிலில் உரிந்து
கொழுக்கட்டைத் தோல்போல.
ரேக்ளாவுக்கு ஆகும் மட்டங்கள் ஏழு,
அதில் ஒன்று கடிக்கும்.
அப்புறம் இந்தச் செவலை.

செவலையின் அப்பன் மார்வாரி.
அம்மா யாரென்று
விற்றவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
காதுகள் அப்பனைப்போல் உள்வளைந்து வந்து
நுனியும் நுனியும் தொடப்போகும் இடத்தில்
மனசு மாறி நின்றுவிட்டன.
நடுவே ஒரு விரற்கடை வானம்.
அந்த ஒரு விரற்கடை
முப்பதாயிரம் ரூபாய்.

முந்தின ராத்திரி
பூக்கட்டும் நாரை நனைத்து
இரண்டு நுனியையும் சேர்த்துக் கட்டினேன்.
ஒரு தடவை தலையைக் குலுக்கியது.
பிறகு என்னையே பார்த்தபடி நின்றது.
லாரிக்கு அடியில் படுத்திருந்தேன்,
தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.
விடியலில் அவிழ்த்தபோது
காதுகள் சேர்ந்தே இருந்தன,
அரை நாள் தாங்கும்.

பத்து மணிக்குத் தையல்நாயகி வந்தாள்,
மாயவரத்தில்
மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை விடுகிறவள்.
உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தாள்.
"ஆறு வயசு" என்றேன்.
"ஏழு" என்றாள், குதிரையிடம்.
கழுத்துக்குக் கீழே சுழி தடவினாள்.
வரப்பில் ஏற்றி இறக்கினாள்.
சாணத்தைக் குச்சியால் பிரித்து
"வைக்கோலா போடுற, பாவி" என்றாள்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

பிறகு பையிலிருந்து
ஒரு சரம் ஊசிவெடியை எடுத்தாள்.

நிஜக் கத்தியவாரி முளையோடு போயிற்று.
நுக்ரா இன்னாசியின் வேலியில்.
மட்டங்கள் ஏழும் ஒரே உடம்பாகி
ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்தன.
செவலை நகரவில்லை.
காதுகள் மட்டும்
வெடிக்கு ஒன்று, எனக்கு ஒன்றென்று
படாரென்று பிரிந்து
திரும்பி வந்து
தங்கள் பழைய இடத்தில் நின்றன.
நடுவே வானம்.

அவள் ஒன்றும் பேசவில்லை.
"துண்டைப் போடு பக்கிரிசாமி" என்றாள்.

ஒன்று பத்து சொல்லியிருந்தேன்.
துண்டுக்குள்ளே இருட்டில்
அவள் கட்டைவிரல்
என் ஆள்காட்டி விரலின் மேல் வந்து நின்றது,
நார் அறுத்த காயத்தின் மேல்.
அழுத்தவில்லை. நின்றது.
பிறகு ஐந்து விரலையும் ஒருமுறை பிடித்து விட்டு
மூன்றைப் பிடித்தாள்.

எண்பது.
சரியாக அந்த முப்பதைக் கழித்து.
கையை உருவிக்கொள்ளத் தோன்றவில்லை.

பணத்தை எண்ணும்போது
நோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:
"மாப்பிள்ளைக்கே டோப்பா வெச்சுத்தான் ஏத்திவிடறாங்க.
காதை எவன் பாக்கப் போறான்.
வெடிக்கு நிக்கணும், அவ்வளவுதான்.
அதைச் சொல்லி வித்திருந்தா
ஒன்னு பத்தே கொடுத்திருப்பேன்."

குட்டியானையில் குதிரையை ஏற்றினோம்.
பலகை வழுக்கியது, கோணியை விரித்தேன்.
மதகைத் தாண்டித் திரும்புகையில்
செவலையின் ஒரு காது ரோட்டுப் பக்கம்,
இன்னொன்று வயல் பக்கம்.
அவ்வளவு அகலமாக அவை விரிந்து
நான் பார்த்ததில்லை.

வேலிக்குப் புது முள் வெட்டிக்கொண்டிருந்த
இன்னாசி நிமிர்ந்து கேட்டார்,
"மார்வாரி போயிருச்சா?"

"போயிருச்சு" என்றேன்.